மூன்றாம் வரிசையின் விலை

2020 பிப்ரவரியில், எட்டு நாள் இடைவெளியில், டாம்பா பே லைட்னிங் என்ற ஐஸ் ஹாக்கி அணி இரண்டு வீரர்களை வாங்கியது. 16ஆம் தேதி நியூ ஜெர்ஸி டெவில்ஸிடமிருந்து பிளேக் கோல்மன் வந்தார். 24ஆம் தேதி சான் ஹோசே ஷார்க்ஸிடமிருந்து பார்க்லே குட்ரோ வந்தார். இருவருமே நட்சத்திரங்கள் அல்லர். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையை, அதாவது இளம் வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையை, டாம்பா விலையாகக் கொடுத்தது. கோல்மனுக்காக நோலன் ஃபூட் என்ற இளம் வீரரையும் சேர்த்துத் தந்தது. முதல் சுற்றில் எடுத்த ஒருவரையும் முதல் சுற்று உரிமையையும் ஒரு மூன்றாம் வரிசை ஆட்டக்காரருக்காகக் கொடுப்பதா என்று அன்று பலர் வியந்தார்கள்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டாம்பா ஸ்டான்லி கோப்பையை வென்றது. வாங்கியவர் வென்றார் என்றால் விற்றவர் தோற்றாரா? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்-இல், அனுபவமுள்ள துணை வீரர்களை 'உச்ச விலையில்' விற்றுவிட வேண்டும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த உச்சம் எது, எப்போது வருகிறது, அதைக் கண்டுகொள்வது எப்படி என்று பார்ப்போம்.

துணை வீரர் என்பவர் யார்

ஓர் என்.எச்.எல் ஆட்டத்தில் ஓர் அணி இருபது பேரைக் களமிறக்குகிறது. மும்மூன்று பேராக நான்கு வரிசை முன்கள வீரர்கள், இருவர் இருவராக மூன்று இணைத் தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு கோல்காப்பாளர்கள். முதல் இரு வரிசைகள் கோல் அடிப்பதற்காக. மூன்றாம், நான்காம் வரிசைகளின் வேலை வேறு. எதிரணியின் சிறந்த வரிசையை அடக்குவது, ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது கோல் விழாமல் காப்பது, பலகையோர மோதல்களில் பந்துத் தட்டை மீட்பது, பாய்ந்து வரும் ஷாட்டின் முன்னே உடலைக் கிடத்துவது. இவை புள்ளிப்பட்டியலில் அதிகம் தெரிவதில்லை. வழக்கமான பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில், ஒரு கோல் வித்தியாசத்தில் நகரும் ஆட்டங்களில்தான் இவற்றின் அருமை விளங்கும்.

டாம்பாவுக்கு அது கசப்பாகவே விளங்கியிருந்தது. 2018-19 பருவத்தில் 62 வெற்றி, 128 புள்ளி என்று லீகில் முதலிடம் பிடித்த அணி, பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்கு ஆட்டமும் தோற்று வெளியேறியது. திறமைக்குக் குறைவில்லை, முரட்டு ஆட்டத்தைத் தாங்கும் கீழ்வரிசைதான் இல்லை என்று பொது மேலாளர் ஜூலியன் பிரீஸ்புவா கணித்தார். கோல்மன், குட்ரோ, ஏற்கெனவே அணியில் இருந்த யானி கூர்ட் ஆகிய மூவரும் ஒரே வரிசையானார்கள். 2021 இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில், இரண்டாம் பகுதியின் கடைசி நொடிகளில் குட்ரோ தந்த பந்துத் தட்டைக் கோல்மன் பாய்ந்து விழுந்தபடி கோலாக்கியதை அந்த ஊர் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

விலையின் இரு பாகங்கள்

2004-05 பருவம் தொழில் தகராறில் முழுவதுமாக ரத்தானது. அதற்கு அடுத்த பருவத்தில் சம்பள உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சம் 39 மில்லியன் டாலர். 2019-20இல் அது 81.5 மில்லியன். பொதுவாக எந்த அணியும் இதைத் தாண்ட முடியாது என்பதால், ஒரு வீரரின் மதிப்பு அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதோடு நிற்பதில்லை. அந்த ஆட்டத்துக்கு உச்சவரம்பில் எவ்வளவு இடம் செலவாகிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

கோல்மனின் ஆண்டுக் கணக்கு 1.8 மில்லியன் டாலர். குட்ரோவுடையது 9,25,000 டாலர். இரண்டும் சேர்ந்து 2.725 மில்லியன், அதாவது உச்சவரம்பில் சுமார் 3.3 விழுக்காடு. இருவருடைய ஒப்பந்தமும் 2020-21 முடியும்வரை இருந்தது. ஆகவே டாம்பா வாங்கியது ஒரு வசந்தகாலத்துக்கான உதவியை மட்டுமன்று. மலிவு விலையில் இரண்டு பிளே-ஆஃப்களை.

2021 கோடையில் இருவருடைய ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. கோல்மனுக்குக் கால்கரி ஆறு ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 4.9 மில்லியன் தந்தது. குட்ரோவோடு பேசும் உரிமையை ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வுக்குப் பெற்ற நியூயார்க் ரேஞ்சர்ஸ், ஆறு ஆண்டுக்கு மொத்தம் 21.85 மில்லியனுக்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 3.64 மில்லியனுக்கு, அவரை ஒப்பந்தம் செய்தது. இரண்டு பேரின் கணக்கும் சேர்ந்து 8.54 மில்லியன். உச்சவரம்போ அதே 81.5 மில்லியனில் நின்றது. சுமார் பதினேழு மாதத்துக்கு முன் 3.3 விழுக்காடு பிடித்த அதே இருவர் இப்போது பத்து விழுக்காட்டுக்கு மேல் பிடித்தார்கள். ஆட்டம் மும்மடங்கு ஏறவில்லை. விலை மும்மடங்கு ஏறியது.

கடைத்தெருவில் பழைய வாடகைக்கு எடுத்த ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். குத்தகை முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போது அதைக் கைமாற்றினால் நல்ல முன்பணம் கிடைக்கும். குத்தகை முடியும் நாளில் அதே கடைக்கு எதுவும் கிடைக்காது, கடையும் தெருவும் அப்படியே இருந்தாலும். துணை வீரரின் கைமாற்று விலையும் அப்படிப்பட்டதே. ஆட்டத்திறன் என்ற பாகம் எப்போது சரியும் என்று எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. மலிவு ஒப்பந்தம் என்ற பாகம் எந்தத் தேதியில் தீரும் என்பது எல்லோருக்கும் எழுத்தில் தெரியும். உச்ச விலை இந்த இரண்டாம் பாகத்தைத்தான் பெரிதும் பின்பற்றுகிறது.

வயது சொல்வதும் சொல்லாததும்

'முப்பது வந்தால் சரிவு' என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ஜேம்ஸ் பிராண்டரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நிதானமாக அளந்தது. முன்கள வீரர்களின் புள்ளி சேர்ப்பு 27க்கும் 28க்கும் இடையில் உச்சம் தொடுகிறது, தடுப்பாட்டக்காரர்களுடையது 28க்கும் 29க்கும் இடையில். அந்த உச்சத்துக்கு அருகிலேயே முன்கள வீரர்கள் 24 முதல் 32 வரையிலும், தடுப்பாட்டக்காரர்கள் 24 முதல் 34 வரையிலும் இருக்க முடிகிறது. சரிவு உண்டு, ஆனால் அது பள்ளத்தாக்கு அன்று, மெல்லிய இறக்கம்.

இவ்வகை ஆய்வுகளில் ஒரு கண்ணி உண்டு. மோசமாக ஆடத் தொடங்கும் முதிய வீரருக்கு லீகில் இடம் கிடைப்பதில்லை; 34 வயதிலும் ஆடுபவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். அவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் முதுமை மென்மையாகத் தெரியும். பிராண்டர் குழு இதைக் கணக்கில் கொண்டே அளந்தது. துணை வீரருக்கு இந்தக் கண்ணி இன்னும் கூர்மையானது. முதல் வரிசை நட்சத்திரம் பத்து விழுக்காடு தேய்ந்தாலும் இரண்டாம் வரிசைக்கு இறங்கலாம். நான்காம் வரிசைக்காரர் அதே அளவு தேய்ந்தால் இறங்குவதற்கு வரிசை இல்லை. அவர் இடத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் காத்திருக்கிறார். சராசரிக் கோடு மெல்லச் சரிந்தாலும், வேலை ஒரே நாளில் போகிறது.

எனினும் வயதை மட்டும் நம்பி விற்பவர் தவறிவிடக் கூடும். கோல்மன் 2023-24இல், 32 வயதில், கால்கரிக்காக 30 கோல் அடித்தார். அவருடைய வாழ்நாள் உச்சம் அதுதான். 'சரிவதற்கு முன் விற்றோம்' என்று நியூ ஜெர்ஸி சொல்லியிருந்தால் அது பொய்த்திருக்கும். ஆனாலும் அவர்கள் விற்றது சரி. 2020இல் அவர்கள் அடிமட்டத்தில் கிடந்தார்கள். ஜனவரியில் பொது மேலாளரை நீக்கி, டாம் ஃபிட்ஸ்ஜெரால்டை இடைக்காலப் பொறுப்பில் வைத்திருந்தார்கள். கோல்மனின் மலிவான இரண்டு பிளே-ஆஃப்கள் டாம்பாவுக்குப் பொன். நியூ ஜெர்ஸிக்கு வீண். 57 ஆட்டத்தில் 21 கோலோடு நின்ற அவரை, மலிவு தீருவதற்குள் விற்றதுதான் சாமர்த்தியம்.

சந்தை எதை நினைவில் வைத்திருக்கிறது

விலையைக் கூட்டும் மூன்றாவது காரணி நினைவு. 2019 ஏப்ரலில் வேகஸுக்கு எதிரான பிளே-ஆஃப் முதல் சுற்றின் ஏழாம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. சான் ஹோசேக்காக வெற்றிக் கோல் அடித்தவர் குட்ரோ. பத்து மாதம் கழித்து அவரை வாங்கியவர்கள் அந்தக் கோலை மறந்திருக்க வழியில்லை.

நினைவு விலையை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இன்னும் தெளிவான சான்று டானர் ஜனோ. டிராஃப்டில் எவரும் எடுக்காத இந்த முரட்டு முன்கள வீரர் 2021-22இல் நாஷ்வில்லுக்காக 24 கோல் அடித்தார். அவருடைய ஷாட்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கோலானது. லீகின் சராசரி பத்தில் ஒன்று அளவே. இப்படிப்பட்ட விகிதம் திறமையால் மட்டும் வருவதன்று, நிலைப்பதும் அரிது. அடுத்த பருவத்தில் 56 ஆட்டத்தில் ஐந்தே கோல். சரிவு கண்ணெதிரே தொடங்கிவிட்டது. ஆனால் 2023 பிப்ரவரி 26 அன்று டாம்பா அவருக்காக ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம், ஒரு நான்காம், ஒரு ஐந்தாம் சுற்று உரிமைகளோடு ஒரு தடுப்பாட்டக்காரரையும் சேர்த்துக் கொடுத்தது. 2023-24இல் அவர் டாம்பாவுக்கு அடித்தது ஏழு கோல். 2024 ஜூனில் ஒரு இரண்டாம் சுற்று, ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். 2020இல் இத்தகைய வீரர்களை வாங்கிக் கோப்பை வென்ற அதே பிரீஸ்புவா, அதே பாதையில் இன்னொரு முறை நடந்தபோது கிடைத்தது முதல் சுற்றுத் தோல்வி.

விற்றவர் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. நாஷ்வில் அணியின் முதல் பொது மேலாளர் டேவிட் பாய்ல். 2012 பிப்ரவரியில் அவரே எதிர்ப்பக்கம் நின்றார். பஃபலோவின் முப்பது வயது நடுக்கள வீரர் பால் காஸ்டட் அந்தப் பருவத்தில் ஏழு கோல் மட்டும் அடித்திருந்தார். முகத்துக்கு முகம் நின்று பந்துத் தட்டைப் பறிப்பதில் வல்லவர். அவருக்காகவும் ஒரு நான்காம் சுற்று உரிமைக்காகவும் பாய்ல் தன் முதல் சுற்று உரிமையைக் கொடுத்தார். நாஷ்வில் இரண்டாம் சுற்றில் வெளியேறியது. பஃபலோ அந்த உரிமையையும் இன்னொன்றையும் கால்கரிக்குத் தந்து 14ஆம் இடத்துக்கு ஏறி ஜெம்கஸ் கிர்கென்சன்ஸை எடுத்தது. அவர் பத்தாண்டுக்கு மேல் பஃபலோவுக்கு ஆடினார். வாங்கும் பக்கத்தின் விலையை ஒரு முறை செலுத்திய பாய்ல், பதினோரு ஆண்டு கழித்து, ஓய்வை அறிவித்த அதே நாளில், விற்கும் பக்கத்தின் பலனைப் பெற்றார்.

விற்காதவர்களின் கணக்கு

விற்காமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட் ரெட் விங்ஸைப் பார்க்கலாம். ஜஸ்டின் அப்டெல்கேடர் மிச்சிகன் மண்ணின் மைந்தர், உழைப்பாளி, ரசிகர்களுக்குப் பிரியமானவர். 2014-15இல் நட்சத்திரங்களோடு ஒரே வரிசையில் ஆடி 23 கோல் அடித்தார். 2015 நவம்பரில், 28 வயதில், ஆண்டுக்கு 4.25 மில்லியன் வீதம் ஏழு ஆண்டு நீட்டிப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தின் முதல் பருவத்தில் அடித்தது ஏழு கோல். 2019-20இல் 49 ஆட்டத்தில் ஒரு கோலும் இல்லை. 2020 அக்டோபரில் மீதித் தொகையின் ஒரு பகுதியைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தார்கள். அந்தச் சுமை 2025-26 வரை அணியின் கணக்கில் தொங்கியது.

டெட்ராய்ட் அன்று எண்ணியதில் நியாயம் இருந்தது. 1991 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிளே-ஆஃபுக்குச் சென்ற அணி, அந்தத் தொடரை அறுக்க மனம் வராமல், பழகிய முகங்களுக்கு நீண்ட ஒப்பந்தங்களைத் தந்தது. 2017இல் தொடர் அறுந்தே போனது. 2019-20இல் 71 ஆட்டத்தில் 39 புள்ளியோடு கடைசி இடம். இந்த வீழ்ச்சிக்கு ஒரு துணை வீரர் காரணமல்லர். ஆனால் விலை உச்சத்தில் இருந்தபோது எவரையும் விற்க மறுத்த மனநிலை, மறுகட்டுமானத்தைச் சில ஆண்டு தள்ளிப்போட்டது என்பதே என் முடிவு.

விற்றவருக்குக் கிடைப்பது என்ன

விற்றால் போதும், பொக்கிஷம் கிடைக்கும் என்று நம்புவதும் தவறு. கோப்பைக்குப் போராடும் அணியின் முதல் சுற்று உரிமை, பெயரளவில்தான் முதல் சுற்று. டிராஃப்டின் முதல் சில இடங்களுக்குப் பிறகு, ஒருவர் நிலையான என்.எச்.எல் வீரராகும் வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. குட்ரோவுக்குக் கிடைத்த உரிமை 31ஆம் இடம். சான் ஹோசே அதில் எடுத்த ஓஸி வீஸ்பிளாட் அந்த அணிக்காக ஓர் என்.எச்.எல் ஆட்டம்கூட ஆடாமலே நாஷ்வில்லுக்குக் கைமாறினார். கோல்மனுக்குக் கிடைத்த உரிமை 20ஆம் இடத்தில் ஷாகிர் முகமதுல்லினைத் தந்தது. நியூ ஜெர்ஸி அவரைத் தன் அணியில் ஆட வைக்கவில்லை. 2023இல் டீமோ மையரை வாங்கிய பெரிய கைமாற்றில் ஒரு பாகமாகச் சேர்த்தது. அதாவது உரிமையின் பலன் பெரும்பாலும் வீரராக வருவதில்லை. இன்னொரு பேரத்துக்கான காசாக வருகிறது.

சான் ஹோசேக்கு அந்தக் காசு அவசரத் தேவை. 2018இல் எரிக் கார்ல்சனை வாங்கியபோது தன் 2020 முதல் சுற்று உரிமையை ஒட்டாவாவுக்குக் கொடுத்திருந்தது. அது மூன்றாம் இடமாகி, ஒட்டாவா அதில் டிம் ஷ்டுட்ஸ்லேவை எடுத்தது. கையில் எதுவும் இல்லாதவருக்கு 31ஆம் இடமும் ஒரு தொடக்கம்தான். ஆனால் ஒரு துணை வீரரை விற்று அணியைக் கட்டிவிட முடியாது. இப்படி ஏழெட்டு விற்பனைகளைத் தொடர்ந்து செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கே இந்த வழி பலன் தரும்.

விற்பவர் விலையை உண்டாக்கவும் முடியும். 2013இல் வந்த விதிப்படி, விற்கும் அணி வீரரின் சம்பளக் கணக்கில் பாதிவரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் சியாட்டில், 33 வயதான யானி கூர்ட்டை, ஆலிவர் பியோர்க்ஸ்ட்ராண்டோடு சேர்த்து, அவருடைய பழைய அணியான டாம்பாவுக்கே விற்றது. கூர்ட் அந்தப் பருவத்தில் காயத்தால் நெடுநாள் ஆடவில்லை. ஆனால் சியாட்டில் அவர் சம்பளத்தில் பாதியை ஏற்றது; மூன்றாம் அணியாக டெட்ராய்ட் நுழைந்து மேலும் ஒரு பகுதியை ஏற்றது. டாம்பாவின் கணக்கில் விழுந்தது காற்பங்கு. இந்தப் பேரத்தில் சியாட்டிலுக்கு இரண்டு முதல் சுற்று உரிமைகள் கிடைத்தன. தீர்ந்துபோன மலிவைச் செயற்கையாக மீண்டும் உண்டாக்கியதன் விலை அது. 2025-26 முதல், ஒரே ஒப்பந்தத்தின் இரு பங்கீடுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி வேண்டும் என்று விதி மாறியது. ஒரே நாளில் இரு அணிகள் சுமை தாங்கும் இந்த வழி அடைபட்டது.

பேரத்தின் மறுபக்கம் மனிதர்

2024 பிளே-ஆஃபில் குட்ரோ ரேஞ்சர்ஸுக்காக ஆறு கோல் அடித்தார். வழக்கமான பருவத்தின் 80 ஆட்டத்தில் அவர் அடித்திருந்தது நான்கு. அந்த ஆட்டங்கள் முடிந்து சில வாரங்களில் ரேஞ்சர்ஸ் அவரை, மற்ற அணிகள் விலையின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய வெய்வர் பட்டியலில் விட்டது. எந்தெந்த அணிகளுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது; வெய்வர் முறைக்கு அது பொருந்தாது. அந்தப் பருவத்தில் கடைசி இடம் பெற்ற சான் ஹோசேக்கே முதலில் எடுக்கும் உரிமை. நான்கு ஆண்டுக்கு முன் 9,25,000 டாலர் கணக்கில் விற்ற வீரரை, 3.64 மில்லியன் கணக்கில், ஒரு பைசா விலை கொடுக்காமல் அது திரும்பப் பெற்றது. ரேஞ்சர்ஸுக்கு அவருடைய திறமை மீது கோபம் இல்லை. அவர் பிடித்திருந்த இடம்தான் தேவைப்பட்டது.

இந்த விளையாட்டை நேசிக்கும் எவருக்கும் இது உறுத்த வேண்டும். ஷாட்டின் முன்னே உடலைக் கிடத்துபவர்தான் இப்படிக் கணக்குப் புத்தகத்தின் வரியாக மாறுகிறார். பேரம் சட்டப்படி சரியாக இருக்கலாம். அது மரியாதையோடும் நடக்க வேண்டும். விற்கப் போகிறோம் என்பதை வீரருக்கு நேரில் சொல்வது, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இடம்பெயர உதவுவது, ஒப்பந்தத்தில் எழுதிய பாதுகாப்பை வேறு வழியில் தாண்டாமல் இருப்பது ஆகியவை எந்த அணிக்கும் பெரிய செலவில்லை. வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நம்பிக்கை இழந்த ஓய்வறைக்குச் சுதந்திரச் சந்தையில் நல்லவர்கள் வரத் தயங்குவார்கள்.

முடிவாக

இந்தக் கைமாற்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று விதிகள் தெரிகின்றன. முதலாவது, துணை வீரரின் உச்ச விலை அவருடைய உடலின் உச்சத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. மலிவு ஒப்பந்தத்தில் குறைந்தது ஒரு முழுப் பருவம் மீதமிருக்கும்போதே அது வருகிறது. இரண்டாவது, சந்தை சென்ற ஆண்டின் கோல்களையும் சென்ற பிளே-ஆஃபையும் விலையாகக் கொடுக்கிறது. ஷாட்டுக்குக் கோல் விகிதம் இயல்புக்கு மீறி உயர்ந்த பருவம் விற்பவருக்கு அழைப்பு மணி. மூன்றாவது, அடுத்த இரண்டு ஆண்டில் கோப்பைக்குப் போட்டியிட முடியாத அணி மட்டுமே விற்க வேண்டும். போட்டியிட முடிந்த அணிக்கு அந்த மூன்றாம் வரிசைதான் கோப்பை. டாம்பா கொடுத்த விலை அதிகமன்று.

உச்சவரம்பு 2025-26இல் 95.5 மில்லியன் டாலராக உயர்ந்தது. 2026-27க்கு 104 மில்லியன், 2027-28க்கு 113.5 மில்லியன் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. எல்லோர் கையிலும் பணம் புழங்கினால் மலிவு ஒப்பந்தத்தின் அருமை குறையும். அதற்குக் கிடைக்கும் முதல் சுற்று உரிமைகளும் குறையும். ஆகவே விற்க வேண்டிய அணிகள் தயங்கக் கூடாது. அடுத்த பிப்ரவரியில் உங்களுக்குப் பிடித்த உழைப்பாளி வீரரை உங்கள் அணி விற்றால், அவர் இன்னும் எத்தனை கோல் அடிப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கோல்கள் விழும் ஆண்டில் உங்கள் அணி எங்கே நிற்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மேலாளரிடம் நேர்மையான பதில் இருந்தால் விற்பனை சரி. இல்லையென்றால், எவ்வளவு பெரிய விலை வந்தாலும் அது தவறு.